“நல்லா இருக்கு” என்று சொன்னால் போதுமா?



இந்த மாதம் மூக்கைப் பற்றி எழுதப் போகிறேன். மூக்கு என்றதும் சிரிக்க வேண்டாம். மூக்கடைப்பினால் ஒரு தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்த கதை இது. அதில் என் தவறும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலில் ஓர் அண்ணன் இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பல வருஷத்துக்கு முன்னால் மழை பெய்த செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து மூக்கில் அடி பட்டவர். அன்றைக்கு ரத்தம் நின்றதும் “அவ்வளவுதான், சரியாப் போச்சு” என்று விட்டுவிட்டார். நாள் ஆக ஆக இடது பக்கம் அடைத்துக்கொண்டது. ராத்திரியில் வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். காலையில் பெரட்டுக்கு வரும்போதே தொண்டை காய்ந்து, தலை கனத்து வருவார். நான் ஒரு கடிதம் எழுதிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று சொல்லி, காத்திருக்க வைத்து, ஆபரேஷனும் செய்தார்கள். மறுபடி காட்டப் போனபோது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். தண்டு நேராகிவிட்டது. “எப்படி இருக்கு?” என்று கேட்டார். “நல்லா இருக்கு டாக்டர்” என்று இவர் சொன்னார். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது.

எட்டு மாதம் கழித்து, மருந்தடிக்கும்போது மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கி விட்டிருந்ததை மண்டோர் பார்த்துவிட்டார். இரண்டு முறை வாயால் சொன்னார். மூன்றாவது முறை ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. “மூச்சு முட்டுது ஐயா, போட முடியல” என்று இவர் சொன்னதற்கு, “ஆபரேஷன் செஞ்சு சரியான ஆளுக்கு இன்னும் என்ன மூச்சு முட்டுது?” என்று கேட்டார்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர் என்னிடம் வந்தார். “டிரஸர், இவருக்கு இன்னும் அடைப்பு இருக்குன்னு ஒரு கடுதாசி கொடுங்க. நான் ஆபீஸில் பேசுறேன்” என்றார். நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் என் கையெழுத்தில் ‘மூக்கடைப்பு’ என்று ஒரே ஒரு வார்த்தை. பின்னால் ‘ஆபரேஷன் முடிந்தது’ என்று இரண்டு வார்த்தை. முன்னால் எவ்வளவு அடைப்பு, பின்னால் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவில் இருப்பதோ அவரே சொன்ன “நல்லா இருக்கு.” இதை வைத்துக்கொண்டு நான் என்ன கடுதாசி எழுதுவது? அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு தண்டு நேராகிவிட்டதா என்று பார்த்தால் மட்டும் போதாது. மனிதனுக்கு மூச்சு வருகிறதா என்று கேட்டு, அதை எண்ணாக எழுதி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னாலும் எழுத வேண்டும், பின்னாலும் எழுத வேண்டும். இதுதான் என் கருத்து. இது டாக்டர்மாரின் வேலை மட்டும் அல்ல, நம் வேலையும்கூட.

மூக்குத் தண்டு என்பது என்ன?

இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு, இரண்டு பக்கமும் மெல்லிய ஈரத்தோல். இந்தச் சுவர் பலருக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பிறவியிலேயே கோணலாக இருக்கலாம். வளரும்போது கோணலாகலாம். பந்து பட்டு, விழுந்து, அடிபட்டும் கோணலாகலாம். கோணல் உள்ள எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை. தொந்தரவு இல்லாத கோணலுக்கு ஆபரேஷனும் வேண்டியதில்லை.

அடைப்பு அதிகமாகி, மருந்துக்கும் கேட்காதபோதுதான் ஆபரேஷன். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாகவே உள்ளே போய், ஈரத்தோலைத் தூக்கி, கோணலான பகுதியை நேராக்குவார்கள் அல்லது கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். வெளியே தழும்பு தெரியாது.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மூக்கடைப்புக்குக் காரணம் கோணல் சுவர் மட்டும் அல்ல. தூசி, புகை, பூஞ்சை ஒத்துக்கொள்ளாமல் மூக்கின் உள்சதை வீங்கினாலும் அடைக்கும். கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாள் கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தாலும், பிற்பாடு அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஆபரேஷன் சுவரை நேராக்கும். ஒவ்வாமையை அது போக்காது. ஆகவே சுவர் நேரானதும் அடைப்பு தீர்ந்தது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

கண்ணால் பார்த்தால் தெரியாதா?

கொஞ்சம் தெரியும், முழுவதும் தெரியாது. டிஸ்பென்சரியில் நாங்கள் ஒரு சின்னச் சோதனை செய்வதுண்டு. குளிர்ந்த உலோகத் தகட்டை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடச் சொன்னால் இரண்டு பக்கமும் பனி படரும். அடைத்த பக்கம் குறைவாகப் படரும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மூக்கு வழியாகப் போகும் காற்றை அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் கருவி காட்டும் கணக்கும் நோயாளி உணரும் அடைப்பும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கருவி நன்றாக இருக்கிறது என்று காட்டும், ஆள் மூச்சு முட்டுகிறது என்பார். சில பேருக்கு இது தலைகீழாகவும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மூக்கின் உள்சதை சில மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சுருங்கும். பிறகு பக்கம் மாறும். இது இயற்கை. காலை பத்து மணிக்குக் கிளினிக்கில் ஐந்து நிமிஷம் பார்ப்பதை வைத்து, ராத்திரி லயத்தில் அந்த மனிதன் எப்படித் தூங்குகிறான் என்று சொல்லிவிட முடியாது. அதைச் சொல்ல வேண்டியவன் அந்த மனிதன்தான்.

ஆனால் நாம் சொல்வதில்லையே! பஸ் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, டாக்டர் முன்னால் போனதும் நமக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்திருக்கிறார், நல்லா இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டதனமாகிவிடுமோ என்று நினைக்கிறோம். மலாயிலோ இங்கிலீஷிலோ விளக்கிச் சொல்லவும் தயக்கம். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அந்த அண்ணனின் வீட்டுக்காரம்மா என்னிடம் சொன்னார்: “அவரு டாக்டர்கிட்ட நல்லா இருக்குன்னாரு. ராத்திரி பக்கத்துல படுக்கிற எனக்குத்தானே தெரியும்!”

ஐந்து கேள்விகள்

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் மூக்கு வைத்தியர்கள் ஐந்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதற்கு ‘நோஸ்’ அளவுகோல் என்று பெயர். இன்று பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். கருவி வேண்டாம், செலவு இல்லை. கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நம் பேச்சில் நான் கேட்பது இப்படி:

1. மூக்கு கனமாக, கட்டிக்கொண்டது போல இருக்கிறதா?
2. மூக்கு அடைத்துக்கொள்கிறதா?
3. மூக்கு வழியாக மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறதா?
4. தூக்கம் கெடுகிறதா?
5. பாரமான வேலை செய்யும்போது மூக்கு வழியாக வரும் காற்று பற்றாமல் போகிறதா?

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை எண் போட வேண்டும். தொந்தரவே இல்லை என்றால் 0. மிகக் கொஞ்சம் என்றால் 1. நடுத்தரம் என்றால் 2. நிறையவே என்றால் 3. தாங்க முடியவில்லை என்றால் 4. ஐந்தையும் கூட்டி, 5ஆல் பெருக்கினால் 0க்கும் 100க்கும் நடுவே ஓர் எண் வரும். 0 என்றால் தொந்தரவே இல்லை. 100 என்றால் மிக மோசம்.

அந்த அண்ணனை உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் “பரவாயில்லை டிரஸர்” என்றுதான் ஆரம்பித்தார். “பரவாயில்லைக்கு எண் இல்லை அண்ணே, விரலை நீட்டுங்க” என்றேன். 3, 3, 3, 4, 2 என்று நீட்டினார். கூட்டினால் 15, ஐந்தால் பெருக்கினால் 75. ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆன மனிதருக்கு 75! ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது? 95ஆக இருந்து குறைந்ததா, 75ஆகவே இருந்து மாறாமல் நின்றதா? அது எனக்கும் தெரியாது, அவருக்கும் ஞாபகம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

கேட்டுப் பார்த்தவர்கள் கண்டது

இந்த அளவுகோல் வெளிவந்த அதே 2004இல், அமெரிக்காவில் தண்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை இதே ஐந்து கேள்விகளால் அளந்து ஓர் ஆய்வும் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் அவர்களின் சராசரி எண் 67.5. மூன்று மாதத்தில் 23.1 ஆனது. ஆறு மாதத்தில் 26.6.

அப்படியும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே இது குறைந்திருக்குமோ? இதைத் தீர்க்க நெதர்லாந்தில் 203 பேரை எடுத்து, சீட்டுப் போடுவது போலப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆபரேஷனும் மறு பகுதிக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியமும் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது ஆபரேஷன் செய்துகொண்டவர்களே மேலாக இருந்தார்கள். பிரிட்டனில் 378 பேரை அதே மாதிரி பிரித்து, ஒரு பகுதிக்கு ஆபரேஷன், மறு பகுதிக்கு ஆறு மாதம் மூக்கில் அடிக்கும் மருந்தும் உப்புநீரும் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு இது. 22 கேள்விகள் கொண்ட, 110 வரை போகும் வேறோர் அளவுகோலில், ஆறு மாதத்தில் மருந்துப் பகுதியின் சராசரி 39.5, ஆபரேஷன் பகுதியின் சராசரி 19.9. எண் குறைந்தால் நல்லது என்று கொள்ள வேண்டும்.

இந்த ஆய்வுகள் எல்லாம் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்லின? நோயாளியின் வாய்ச்சொல்லை வைத்துத்தான். தொழிலாளி சொல்வதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஆனால் அந்தச் சொல் ஒழுங்காகக் கேட்கப்பட்ட சொல், எழுதி வைக்கப்பட்ட சொல். நம்முடையது போகிற போக்கில் சொன்ன “நல்லா இருக்கு.”

சராசரி நன்றாக இருப்பதால் எல்லாருக்கும் நன்றாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிலருக்கு அடைப்பு குறையாமலே போவதும் உண்டு. அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது?

ஆபரேஷனுக்கு முன் ஒரு தரம். பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். முதல் இரண்டு மூன்று வாரம் கேட்டுப் பயனில்லை. உள்ளே வீக்கம் இருக்கும், பொருக்குக் கட்டும், அடைப்பு முன்னைவிட அதிகமாகக்கூடத் தோன்றும். பயப்பட வேண்டாம். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. குலை தூக்குவது, உர மூட்டை சுமப்பது போன்ற பாரமான வேலை கூடாது. டாக்டர் சொன்னபடி உப்புநீர் விட்டுக் கழுவி வர வேண்டும்.

ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், இரண்டு பக்கமும் ஒரேயடியாக அடைத்து வலி ஏறிக்கொண்டே போனாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுவருக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். நாள் கழித்து மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால் சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

சிலர் சொல்லும் தடைகள்

“எண் கேட்டால் வேலைக்குக் கள்ளமடிப்பவன் பெரிய எண்ணாகச் சொல்லமாட்டானா?” என்று ஒரு கிராணி என்னிடம் கேட்டார். சொல்லலாம்தான். ஆனால் முன்னால் ஓர் எண், மூன்றாம் மாதம் ஓர் எண், ஆறாம் மாதம் ஓர் எண் என்று தேதியோடு எழுதியிருந்தால், கூடவே வீட்டில் உள்ளவர்களையும் கேட்டிருந்தால், கள்ளம் சுலபத்தில் நிற்காது. எதையுமே எழுதாமல் ஒருவனைச் சோம்பேறி என்று சொல்வதுதான் சுலபம். எழுதி வைப்பது நேர்மையான தொழிலாளிக்கும் பாதுகாப்பு, நேர்மையான நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு.

“டாக்டர்மீது குற்றம் கண்டுபிடிக்கிறாயா?” என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. அந்த ஆபரேஷனைச் செய்த டாக்டர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார். அதைக் கீழே சொல்கிறேன்.

மாஸ்க் விஷயத்திலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்தடிக்கும்போது மாஸ்க்கை இறக்குவது தப்பு. மூச்சு முட்டினால் நிர்வாகத்திடம் சொல்லி வேறு வேலை கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிறவனுக்கு வேறு வேலை கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.

நாம் செய்ய வேண்டியது

தொழிலாளர்களே, இந்த ஐந்து கேள்விகளையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தவுடன் எண்ணைக் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் உதவலாம். டாக்டரிடம் போகும்போது “நல்லா இருக்கு” என்று சொல்லாதீர்கள். “முன்னால் 80, இப்போ 30 டாக்டர்” என்று சொல்லுங்கள். எந்தப் பாஷையிலும் எண் எண்தான்.

என்னைப் போன்ற தோட்ட மருத்துவ உதவியாளர்களே, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். பெயர், தேதி, முன் எண், மூன்றாம் மாத எண், ஆறாம் மாத எண். ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்திலும் அந்த எண்ணைப் போடுங்கள். ‘மூக்கடைப்பு’ என்று என்னைப் போல ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் பிற்பாடு காட்டப் போகும் நாளுக்கு எம்.சி. இல்லாமல் வெறும் நேரச் சீட்டு கிடைத்தால், எங்கள் பக்கம் அன்றைய சம்பளம் போய்விடுகிறது. அதனால்தான் நம் ஆட்கள் மூன்றாம் மாதம் போவதில்லை. நன்றாக ஆனவனும் போவதில்லை, ஆகாதவனும் போவதில்லை. இரண்டு பேரையும் ஆஸ்பத்திரி ஒரே கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு காட்டப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது என்று நிர்வாகங்களிடம் பேச வேண்டும்.

அந்த அண்ணனின் கதையை முடித்துவிடுகிறேன். ஐந்து விடைகளையும், 75 என்ற எண்ணையும், வீட்டுக்காரம்மா சொன்னதையும் எழுதி மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை டாக்டர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். சுவர் நேராகத்தான் இருந்தது. ஒவ்வாமையால் உள்சதை வீங்கியிருந்தது. போதாக்குறைக்கு இவர் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி விரலை நீட்டச் சொன்னேன். 1, 1, 2, 1, 2. கூட்டினால் 7, எண் 35. கமிட்டித் தலைவர் இரண்டு எண்ணையும் ஆபீஸுக்குக் கொண்டுபோனார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வைத்தியம் முடியும்வரை அவரை மருந்தடிக்கும் வேலையிலிருந்து மாற்றியும் கொடுத்தார்கள்.

போன வாரம் டிஸ்பென்சரிப் பக்கம் வந்தார். “எப்படி அண்ணே இருக்கு?” என்றேன். சிரித்துக்கொண்டே, “நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க விடமாட்டீங்க. முப்பதுன்னு எழுதிக்குங்க” என்றார்.

எழுதிக்கொண்டேன்.